டோர் பேடைக் கழற்றி பவர் விண்டோ மோட்டாரைப் பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

இறக்கிய கண்ணாடி ஏறாமல் நின்றுவிட்டால் அந்தக் காரை எங்கேயும் நம்பி நிறுத்த முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மாட்டினால் சீட், கார்பெட் எல்லாம் ஊறிப்போகும். பட்டறையில் கேட்டால் ‘மோட்டார் போச்சு சார், மாத்தணும்’ என்பார்கள். அப்படியும் இருக்கலாம். ஆனால் ஒயர் அறுந்திருந்தாலும், சுவிட்ச் தேய்ந்திருந்தாலும், கேபிள் சிக்கியிருந்தாலும், ரப்பர் காய்ந்து கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாலும் வெளியில் தெரிவது ஒன்றுதான்: கண்ணாடி ஏறாது. எது காரணம் என்று கண்ணால் பார்க்க வேண்டுமானால் கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றியாக வேண்டும். மெக்கானிக்குகள் அதை டோர் பேட் என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டோர் பேடைக் கழற்ற பலம் வேண்டாம். கிளிப்புகள் விடுபடுவதற்கு ஒரு வெடுக் போதும். அதற்கு மேல் முக்கி இழுக்க வேண்டியிருந்தால், எங்கோ ஒரு ஸ்க்ரூ இன்னும் கழற்றப்படாமல் இருக்கிறது. உடைந்த டோர் பேடுகளில் பெரும்பாலானவை அந்த ஒரு ஸ்க்ரூவைத் தேடாமல் இழுத்ததால் உடைந்தவை.

இங்கே எழுதுவது மாருதி ஸ்விஃப்ட், வேகன் ஆர், ஹூண்டாய் ஐ10 மாதிரி நம் சாலைகளில் அதிகம் ஓடும் சின்ன கார்களின் முன்கதவை மனதில் வைத்து. ஒவ்வொரு மாடலிலும், சில சமயம் ஒரே மாடலின் வேறு வேறு ஆண்டுகளிலும், ஸ்க்ரூ இருக்கும் இடம் மாறும். அதனால் ‘இந்த இடத்தில் இத்தனை ஸ்க்ரூ’ என்று கணக்குச் சொல்வதைவிட, அவை எங்கெல்லாம் ஒளிந்திருக்கும் என்று சொல்வதே உபயோகம்.

கழற்றுவதற்கு முன்னால் பத்து நிமிடம்

டிரைவர் பக்கத்து சுவிட்ச் பலகையில் மற்ற கண்ணாடிகளைப் பூட்டும் லாக் பட்டன் ஒன்று இருக்கும். குழந்தையின் கையோ, துடைக்கிற துணியோ பட்டு அது அழுந்தியிருக்கலாம். டிரைவர் கண்ணாடி வேலை செய்து மற்றவை மட்டும் செத்துக் கிடந்தால் முதலில் அதைப் பாருங்கள். இதைப் பார்க்காமலே கதவைப் பிரித்தவர்கள் உண்டு.

எல்லாக் கண்ணாடிகளும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டால் ஃப்யூஸ் அல்லது ரிலே. பவர் விண்டோவுக்குப் பொதுவாக 20 அல்லது 30 ஆம்பியர் ஃப்யூஸ் இருக்கும். எந்த இடம் என்பது ஃப்யூஸ் பெட்டி மூடியின் உள்பக்கத்திலோ காரோடு வந்த கையேட்டிலோ இருக்கும். எரிந்த ஃப்யூஸை மாற்றியதும் மறுபடி எரிந்தால் அதைவிடப் பெரிய ஃப்யூஸைப் போட்டுப் பார்க்காதீர்கள். எங்கோ ஷார்ட் இருக்கிறது. பெரிய ஃப்யூஸ் போட்டால் அடுத்து எரியப்போவது ஒயர்.

ஒரு கதவு மட்டும் வேலை செய்யவில்லை என்றால், சுவிட்சை அழுத்தியபடி காதைக் கதவில் வைத்துக் கேளுங்கள். மோட்டார் சுற்றும் சத்தம் நன்றாகக் கேட்டும் கண்ணாடி அசையவில்லையா? மோட்டார் பிழைத்திருக்கிறது, கண்ணாடியைத் தூக்கும் ரெகுலேட்டரில்தான் கேபிள் அறுந்திருக்கிறது அல்லது பல் தேய்ந்திருக்கிறது. கடைகளில் இந்த ரெகுலேட்டரைக் கண்ணாடி மெஷின் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். ‘கடகட’ என்று கம்பி சிக்குகிற சத்தம் வந்தாலும் அதே கதைதான். சத்தமே இல்லை, ஆனால் சுவிட்சை அழுத்தும்போது உள் விளக்கு லேசாக மங்குகிறது என்றால் மோட்டாருக்குக் கரண்ட் போகிறது, ஆனால் அதனால் சுற்ற முடியவில்லை. அப்போது ஒருவர் சுவிட்சை அழுத்திக்கொண்டிருக்க, இன்னொருவர் கதவின் அடிப்பாதியை உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள். உள்ளே சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்து ஒட்டிக்கொண்ட மோட்டார் சில நேரம் இந்தத் தட்டலில் உயிர் பெறும். அது தற்காலிக உயிர்தான். கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு புது மோட்டார் தேட ஆரம்பித்துவிடுங்கள்.

சத்தமும் இல்லை, விளக்கும் மங்கவில்லை என்றால் கரண்ட் மோட்டார்வரை போகவே இல்லை. இங்கே நான் முதலில் சந்தேகப்படுவது கதவுக்கும் காரின் உடம்புக்கும் நடுவில், கீல் பக்கம், ஒயர்கள் போகும் அந்த ரப்பர் குழாயை. கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அந்த ஒயர்கள் மடங்கி நிமிர்கின்றன. பல வருடம் ஓடிய காரில், அதிலும் அதிகம் திறக்கப்படும் டிரைவர் கதவில், உறைக்குள்ளேயே செம்புக் கம்பி அறுந்திருக்கும். வெளியில் பார்த்தால் ஒயர் முழுசாகத் தெரியும். கதவைப் பாதி திறந்து வைத்து, சுவிட்சை அழுத்தியபடி அந்தக் குழாயை முன்னும் பின்னும் அசையுங்கள். கண்ணாடி ஒரு கணம் நகர்ந்தால் கோளாறு அங்கேதான். டோர் பேடைத் தொட வேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம்.

இன்னொன்று: கண்ணாடி பாதியில் நின்றதும் பதற்றத்தில் சுவிட்சை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால், சூடு அதிகமாகி மோட்டார் தானே கரண்டைத் துண்டித்துக்கொள்ளும். அது பாதுகாப்புக்காக உள்ளே வைத்திருக்கும் ஏற்பாடு. கொஞ்ச நேரம் ஆறவிட்டால் திரும்ப ஓடும். ஆறியதும் ஓடி, திரும்பத் திரும்ப இப்படி நிற்கிறது என்றால் மோட்டாரைவிடக் கண்ணாடி ஓடும் ரப்பர் சேனல்மேல் சந்தேகப்படுங்கள். தூசி படிந்து காய்ந்த சேனல் கண்ணாடியை இறுக்கிப் பிடிக்கும். ஈரத் துணியால் துடைத்து, காய்ந்ததும் சிலிகான் ஸ்ப்ரே அடித்தால் போதும். எண்ணெயோ கிரீஸோ வைத்தால் முதல் நாள் வழவழவென்று ஓடும். அப்புறம் அதிலேயே மண் ஒட்டி ரப்பரும் ஊதிப்போகும்.

தேவையானவை

ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், சின்னதாக ஒரு தட்டை ஸ்க்ரூ டிரைவர், பத்தாம் நம்பர் சாக்கெட்டும் நீட்டுக் கம்பியும், மல்டிமீட்டர் அல்லது டெஸ்ட் லேம்ப், அகலமான மாஸ்கிங் டேப், கையுறை. ஐரோப்பிய கார்களானால் டார்க்ஸ் பிட்டுகளும் வேண்டும். ஆறு முனை நட்சத்திரம் போலிருக்கும் அந்த ஸ்க்ரூவைச் சாதாரண ஸ்டார் டிரைவரால் திருகினால் தலை வழுக்கிப்போகும். பிளாஸ்டிக்கால் செய்த டிரிம் நெம்புகோல் செட் ஒன்று வாங்கிவிடுங்கள், விலை அதிகமில்லை. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பெயின்டிலும் பிளாஸ்டிக்கிலும் விழும் பள்ளம் எப்போதும் கண்ணில் உறுத்தும்.

கூடவே உங்கள் மாடலுக்கான டோர் பேட் கிளிப்புகள் ஒரு பத்து முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் வெந்த பழைய கிளிப்பில் ஓரிரண்டு உடையத்தான் செய்யும், அது யார் தவறும் இல்லை. சென்னையில் என்றால் ஜி.பி. ரோட்டில் புதுசாகவே கிடைக்கும். புதுப்பேட்டையில் மோட்டாரோடு சேர்த்து மெஷினே பழையது கிடைக்கும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கண்ணாடி நகர்கிற நிலையில் இருந்தால் முழுக்க மேலே ஏற்றிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். பிறகு பானெட்டைத் திறந்து பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றி ஓரமாக ஒதுக்கி வையுங்கள். சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள், காருக்குள் விட வேண்டாம். சில கார்களில் பக்கவாட்டு மோதலை உணரும் சென்சார் கதவுக்குள் இருக்கும். அபூர்வமாகச் சிலவற்றில் ஏர்பேகே கதவில் இருக்கும். மைனஸைக் கழற்றிய பிறகு ஐந்து, பத்து நிமிடம் விட்டுத்தான் கதவைத் தொட வேண்டும். உள்ளே மஞ்சள் நிற கப்ளர் (ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் பிளக்) எதையாவது கண்டால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. அதை மல்டிமீட்டரால் தொடவே கூடாது. கதவிலேயே ஏர்பேக் உள்ள காரென்றால் அதைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

ஸ்க்ரூக்கள் ஒளியும் இடங்கள்

கதவை அகலத் திறந்து, கீழே உட்கார்ந்து, டார்ச் அடித்துப் பாருங்கள். எதையும் கழற்றும் முன் இரண்டு மூன்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

உள் கைப்பிடி: கதவைத் திறக்க இழுக்கும் பிடியை இழுத்துப் பிடித்தால் அதன் பின்னால் குழியில் ஒரு ஸ்க்ரூ இருக்கும். நேரடியாகத் தெரியாவிட்டால் நகத்தளவு பிளாஸ்டிக் மூடி ஒன்று அதை மறைத்திருக்கும். மூடியின் ஓரத்தில் சின்னப் பள்ளம் இருக்கும், அங்கே நெம்பினால் வந்துவிடும்.

கை வைக்கும் இடம்: கதவை இழுத்து மூடுவதற்காக ஒரு குழியோ வளைந்த பிடியோ இருக்கும். கதவின் பளு முழுவதையும் நாம் இழுப்பது இங்கேதான், அதனால் இந்த இடத்து ஸ்க்ரூ பேடைத் தாண்டி இரும்பிலேயே கடித்திருக்கும். இதைக் கழற்றாமல் இழுத்தால் பேட் நிச்சயம் உடையும். குழியின் அடியில் ரப்பர் விரிப்பு போட்டிருந்தால் அதைத் தூக்கிப் பாருங்கள். பிடியாக இருந்தால் அதன் உள்பக்க மூடியை நெம்பி எடுங்கள்.

சுவிட்ச் பலகை: பல கார்களில் இது மேலே நெம்பினால் கிளிப்பிலிருந்து வந்துவிடும். பின்பக்க முனையிலிருந்து ஆரம்பித்தால் பெரும்பாலும் சுலபம். அடியில் இருக்கும் கப்ளரின் நாக்கை அழுத்தி விடுவியுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்க வேண்டாம், கப்ளரைப் பிடித்து இழுங்கள். பலகையை எடுத்த குழிக்குள் இன்னொரு ஸ்க்ரூ இருக்கிறதா என்று பாருங்கள், பல மாடல்களில் இருக்கும்.

கண்ணாடி முக்கோணம்: பக்கக் கண்ணாடிக்கு (சைடு மிரர்) உள்ளே முக்கோணமாக ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். சில கார்களில் இது பேடின் மேல்முனையை மூடிக்கொண்டிருக்கும். முதலில் இதை எடுத்தால்தான் பேட் வரும். இதில் ட்வீட்டர் ஸ்பீக்கர் பொருத்தியிருந்தால் ஒயர் வரும், கவனம்.

ஓரங்கள்: கதவின் பூட்டுப் பக்க விளிம்பு, அடிப்பகுதி, பாட்டில் வைக்கும் பைக்குள், ஸ்பீக்கர் வலைக்குப் பின்னால். இந்த இடங்களில் ஸ்க்ரூவோ, நடுப்புள்ளியை அழுத்தி எடுக்கும் பட்டன் கிளிப்போ இருக்கலாம். விரலால் தடவிப் பார்த்தால் கண்ணுக்குத் தப்பியதும் தட்டுப்படும்.

கழற்றிய ஸ்க்ரூக்களை ஒரே டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். நீளம் ஒன்றுபோலத் தெரிந்தாலும் இருக்காது. குட்டையானது இருக்க வேண்டிய இடத்தில் நீளமானதைப் போட்டு முறுக்கினால், பின்னால் இருக்கும் எதையாவது துளைத்துக்கொண்டு போய்விடும். ஒரு அட்டையில் கதவைப் படமாக வரைந்து, அந்தந்த இடத்தில் ஸ்க்ரூவைக் குத்தி வைத்துவிட்டால் பூட்டும்போது யோசிக்கவே வேண்டாம்.

பின்கதவில் கையால் சுற்றும் கண்ணாடி உள்ள மாடல் என்றால் அந்தச் சுற்றுப்பிடியையும் எடுக்க வேண்டும். அதில் ஸ்க்ரூ தெரியாது. பிடிக்கும் பேடுக்கும் நடுவில் குதிரை லாடம் மாதிரி ஒரு கம்பி கிளிப் இருக்கும். பழைய துணி ஒன்றை அந்த இடைவெளியில் விட்டு, இரண்டு முனையையும் பிடித்து இடமும் வலமும் மாறி மாறி இழுத்தால் துணியின் நூல் கிளிப்பின் முனையில் மாட்டி அதைத் தள்ளிவிடும். கிளிப் துள்ளி விழும். இன்னொரு கையால் மறைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சீட்டுக்கு அடியில் அரை மணி நேரம் தேட வேண்டி வரும்.

பேடை எடுப்பது

கீழ் மூலையில், பூட்டு இருக்கும் பக்கமாக ஆரம்பியுங்கள். பிளாஸ்டிக் நெம்புகோலைப் பேடுக்கும் இரும்புக்கும் இடையில் நுழைத்து, கிளிப் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே நெம்புங்கள். கிளிப்பிலிருந்து தள்ளி நெம்பினால் பேடின் அட்டை வளையும், பழைய காரில் கிளிப் மாட்டும் பிளாஸ்டிக் வீடே பிய்ந்து வரும். முதல் கிளிப் ‘டப்’ என்று விட்டதும் விரல்களை உள்ளே விட்டு அடுத்த கிளிப்பை உணர்ந்து, அதன் அருகிலேயே பிடித்து, உங்களை நோக்கி நேராக ஒரு வெடுக். இப்படியே அடிப்பக்கம், பிறகு இரண்டு ஓரங்களும்.

அடியும் ஓரங்களும் விட்ட பிறகும் பேட் மேலே தொங்கிக்கொண்டிருக்கும். கண்ணாடி இறங்கும் பிளவின் விளிம்பில் அது கொக்கி போட்டு உட்கார்ந்திருக்கிறது. இதை வெளியே இழுக்கக் கூடாது, நேராக மேலே தூக்க வேண்டும். பூட்டும் பட்டன் கதவின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மாடலானால் பேடை அதற்கு மேலாக உருவ வேண்டும்.

தூக்கியதும் வாங்கிக்கொண்டு நடந்துவிட வேண்டாம். பேடின் பின்னால் இன்னும் இணைப்புகள் இருக்கும்: உள் கைப்பிடியிலிருந்து பூட்டுக்குப் போகும் கேபிளோ கம்பியோ, சுவிட்ச் ஒயர், ஸ்பீக்கர் பேடிலேயே இருந்தால் அதன் ஒயர், கதவடி விளக்கு ஒயர். பேடைத் தொடையால் தாங்கிக்கொண்டு ஒவ்வொன்றாக விடுவியுங்கள். கேபிளாக இருந்தால் வெளி உறையை அதன் பிடியிலிருந்து முதலில் விடுவித்து, பிறகு முனை உருண்டையைத் திருப்பி எடுக்க வேண்டும். கம்பியாக இருந்தால் அதைக் கவ்வியிருக்கும் சின்ன பிளாஸ்டிக் பூட்டைத் திருப்பிவிட்டால் கம்பி வெளியே வரும். எது எந்தப் பக்கமாக மாட்டியிருந்தது என்பதற்கு இங்கேயும் ஒரு போட்டோ.

எல்லோரும் கிழித்துப்போடும் அந்த ஷீட்

பேட் போனதும் கதவின் இரும்பு தெரியாது. ஒரு பிளாஸ்டிக் ஷீட், சில கார்களில் மெல்லிய ஃபோம், கறுப்புப் பசையால் ஒட்டியிருக்கும். பட்டறைகளில் அதிகம் அவமதிக்கப்படும் பொருள் இதுதான். பாதியைக் கிழித்து ஓட்டை போட்டு வேலையை முடித்துவிட்டு, ‘இது சும்மா தூசிக்குத்தான் சார்’ என்று பேடை மூடிவிடுவார்கள்.

இது தூசிக்கு இல்லை. மழை பெய்யும்போது கண்ணாடியின் வெளி ரப்பர் எல்லாத் தண்ணீரையும் தடுப்பதில்லை. ஒரு பங்கு கண்ணாடியோடு வழிந்து கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். கதவை வடிவமைத்தவர்களுக்கு அது தெரியும், அதனால்தான் கதவின் அடி விளிம்பில் வடிகால் துளைகள் இருக்கின்றன. உள்ளே வந்த தண்ணீர் அந்தத் துளைகள் வழியாக வெளியேற வேண்டும். உங்கள் காலடிக்கு வரக்கூடாது. நடுவில் நிற்கும் சுவர்தான் இந்த ஷீட். இது கிழிந்தால் சில மாதங்களில் கார்பெட் ஊறி நாற்றமடிக்கும், பேடின் அட்டை உப்பும், சுவிட்ச் ஒயர்களில் பச்சைக் களிம்பு ஏறும். காரணம் தெரியாமல் ஏசி தண்ணீர் என்று நினைத்து அதை ரிப்பேர் செய்துகொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே நிதானமாக எடுங்கள். ஒரு மூலையில் ஆரம்பித்து, ஷீட்டை இழுப்பதற்குப் பதிலாக, பழைய பிளேடால் கறுப்புப் பசையை ஷீட்டுக்கும் இரும்புக்கும் நடுவில் அறுத்துக்கொண்டே போங்கள். பாதிப் பசை இரும்பில், பாதி ஷீட்டில் இருந்தால் திரும்ப ஒட்டும்போது நன்றாகப் பிடிக்கும். இறுகிப்போயிருந்தால் ஹேர் டிரையரால் லேசாகச் சூடேற்றினால் இளகும். மோட்டாரை எட்டுகிற அளவுக்கு மட்டும் விடுவித்து, மீதியை அப்படியே விட்டு, விடுவித்ததை மேலே மடக்கி டேப் போட்டு நிறுத்துங்கள். முழுசாகக் கழற்ற வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. பசையின் மேல் மண்ணோ நூலோ படாமல் பாருங்கள். கையில் ஒட்டினால் சீட் துணியில் கையை வைக்காதீர்கள், அந்தக் கறை போகவே போகாது.

உள்ளே டார்ச் அடித்ததும் இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய கார் வாங்கியவராக இருந்தால் இது உங்களுக்கு. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் எத்தனையோ கார்கள் முழுகின. சீட்டைத் துவைக்கலாம், கார்பெட்டை மாற்றலாம், கதவின் உட்புறத்தை யாரும் கழுவுவதில்லை. இரும்பின் உள்பக்கத்தில் ஒரே உயரத்தில் மண் கோடு ஓடினால், மோட்டார் ஏன் செத்தது என்ற கேள்விக்கு மட்டுமில்லாமல், காரை விற்றவர் என்ன சொல்லாமல் விட்டார் என்பதற்கும் பதில் கிடைத்துவிடும்.

மோட்டார்

வெட்டிய தகடுகளின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும், கையுறை இல்லாமல் கையை விடாதீர்கள்.

மோட்டாரைக் கண்டுபிடிப்பது சுலபம்: ஒயர் போய் முடியும் இடத்தில் உள்ளங்கையளவு உருளை, அதன் பக்கத்தில் தட்டையான பல்சக்கரப் பெட்டி. கப்ளரைக் கழற்றிவிட்டு, பேட்டரி மைனஸைத் திரும்ப மாட்டி, சுவிட்ச் பலகையையும் அதன் கப்ளரில் இணைத்துத் தொங்கவிட்டு, சாவியை ஆன் செய்யுங்கள். இரண்டே ஒயர் உள்ள சாதாரண மோட்டாரானால், ஒயர் பக்கக் கப்ளரின் இரண்டு முனையிலும் மல்டிமீட்டரை வைத்து சுவிட்சை மேலே இழுங்கள். 12 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். கீழே அழுத்தினால் அதே அளவு மைனஸாகக் காட்டும். திசையை மாற்றுவதற்குப் பிளஸும் மைனஸும் இடம் மாறுகின்றன, வேறு மந்திரம் ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் 12 வந்து மோட்டார் ஓடவில்லை என்றால் மோட்டார் போய்விட்டது, சந்தேகமில்லை. வரவில்லை என்றால் சுவிட்ச் அல்லது ஒயர். நல்ல மோட்டாரை மாற்றிக் காசை விரயம் செய்யாதீர்கள். டெஸ்ட் லேம்ப் இருந்தால் இன்னும் நல்லது. கடைசி இழை ஒன்றில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒயரில் மீட்டர் 12 காட்டிவிடும், விளக்கு மங்கலாக எரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

பயணி பக்கக் கதவில் கரண்ட் வரவில்லை என்றால் டிரைவர் பக்க சுவிட்சையும் சந்தேகப்படுங்கள். பல கார்களில் மற்ற கதவுகளின் இணைப்பு டிரைவர் சுவிட்ச் வழியாகத்தான் போகிறது. ஒரே தொடுதலில் ஏறி, கை பட்டால் திரும்பி இறங்கும் வகை மோட்டாரில் நான்கு, ஐந்து ஒயர்களும் சின்ன மின்னணுப் பலகையும் இருக்கும். அதில் நேரடியாக 12 வோல்ட் கொடுத்துச் சோதிக்கக் கூடாது.

சாதாரண இரட்டை ஒயர் மோட்டாருக்கு நேரடியாகக் கொடுக்கலாம். நடுவில் 20 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்த இரண்டு ஒயரால் பேட்டரியிலிருந்து கொடுத்து, ஏறுகிறதா என்று பார்த்து, ஒயரைத் திருப்பிக் கொடுத்தால் இறங்கும். கண்ணாடி முனையைத் தொட்டதும் உடனே எடுத்துவிடுங்கள்.

இனி மாற்றும் வேலை. கதவுத் தகட்டில் இரண்டு துளைகள் வழியாகக் கண்ணாடியைக் கவ்வியிருக்கும் போல்ட்டுகள் தெரியும். அவை துளைக்கு நேராக வரும் உயரத்தில் கண்ணாடியை நிறுத்த வேண்டும். போல்ட்டுகளைத் தளர்த்தும் முன் கண்ணாடியை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். தளர்த்திய பிறகு உள்ளங்கைகளால் இருபுறமும் அழுத்தி மேலே ஏற்றி, கதவுச் சட்டத்தின் மேல் குறுக்காக மூன்று நான்கு பட்டை டேப் ஒட்டி நிறுத்துங்கள். கதவுக் கண்ணாடி பெரும்பாலும் டஃபன்ட் கண்ணாடி. அதன் நடுப்பரப்பில் அடித்தால்கூடத் தாங்கும், விளிம்பில் ஒரு இரும்பு பட்டால் மொத்தமும் சில்லுசில்லாகக் கொட்டிவிடும். ஒரே ஒரு பட்டை டேப்பை நம்பாதீர்கள்.

ரெகுலேட்டர் எந்த வகை என்று பாருங்கள். கத்திரிக்கோல் போல இரண்டு கைகள் குறுக்கே மடங்கி விரியும் வகையென்றால் அதில் கண்ணாடியின் பளுவைத் தாங்க ஒரு சுருள் ஸ்பிரிங் இருக்கும். மோட்டார்தான் அந்த ஸ்பிரிங்கை அடக்கிப் பிடித்திருக்கிறது. மோட்டாரின் மூன்று ஸ்க்ரூக்களைக் கழற்றிய அந்த நொடியில் கை வீசி அடிக்கும், விரல் இடையில் இருந்தால் எலும்பு போகும். பல்சக்கர வளைவையும் அடித்தட்டையும் சேர்த்து வைஸ் கிரிப்பாலோ (கவ்வியதும் பூட்டிக்கொள்ளும் இடுக்கி), துளையில் ஒரு போல்ட் செருகியோ பூட்டிய பிறகே மோட்டாரைத் தொட வேண்டும். இந்த முழுக் கட்டுரையிலும் அவசரப்படக் கூடாத இடம் இதுதான்.

கேபிள் வகையில் அந்த ஆபத்து இல்லை, வேறு தொல்லை உண்டு. மோட்டாரைப் பிரித்தால் கேபிள் சுற்றியிருக்கும் உருளை துள்ளி, கேபிள் பள்ளத்தை விட்டு வெளியே வந்துவிடலாம். அதைத் திரும்பச் சுற்றுவது பெரும் பொறுமையைக் கேட்கும். கேபிளில் ஒரு இழை பிய்ந்திருந்தாலும், பிளாஸ்டிக் கப்பி விரிசல் விட்டிருந்தாலும், மோட்டாரும் மெஷினும் சேர்ந்த முழு செட்டையே வாங்கிவிடுங்கள். மோட்டாரை மட்டும் மாற்றி மிச்சப்படுத்தும் காசு அடுத்த முறை இதே பேடைக் கழற்றும் உழைப்புக்கு ஈடாகாது.

முழு செட் என்றால் அதன் போல்ட், நட்டுகளை, அனேகமாகப் பத்தாம் நம்பர், கழற்றி, மெஷினை மடக்கிச் சாய்த்து பெரிய ஓட்டை வழியாக எடுக்க வேண்டும். வராதது போலத்தான் தெரியும். போன வழியிலேதான் வரும், கோணத்தை மாற்றிப் பாருங்கள்.

புதுப்பேட்டையில் பழையது வாங்குவதானால் கழற்றியதை எடுத்துக்கொண்டே போங்கள். வலது கதவு மோட்டாரும் இடது கதவு மோட்டாரும் பெரும்பாலும் ஒன்றல்ல, கண்ணாடியில் பார்ப்பது மாதிரி திரும்பியிருக்கும். ஸ்க்ரூ துளைகளின் இடம், பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கை, கப்ளரின் வடிவம் மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, கடையிலேயே பேட்டரி கொடுத்து இரண்டு திசையிலும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சத்தம் சீராக இருக்க வேண்டும்.

திரும்பப் பூட்டுவது

புது மோட்டாரை மாட்டி, கண்ணாடியைக் கவ்வியில் இறக்கி, போல்ட்டுகளை முதலில் அரைகுறையாக மட்டும் இறுக்குங்கள். சுவிட்சால் கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றி, அது சேனலில் நேராக உட்கார்ந்த பிறகு, போல்ட்டுகள் தெரியும் உயரத்துக்கு மெதுவாக இறக்கி இறுதியாக இறுக்குங்கள். இப்படிச் செய்தால் கண்ணாடி சாய்ந்து ஏறாது. அப்புறம் ஐந்தாறு முறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். பேடை மூடிய பிறகு கண்டுபிடிக்கும் கோளாறு இரட்டிப்பு வேலை.

ஷீட்டை ஒட்டும்போது அதன் கீழ் விளிம்பு எங்கே போகிறது என்பதைப் பாருங்கள். பல கார்களில் அடி ஓரம் தகட்டின் பிளவு வழியாகக் கதவுக்குள்ளே செருகியிருக்கும், ஷீட்டில் வழியும் தண்ணீர் உள்ளே விழுந்து வடிகாலுக்குப் போவதற்காக. அதை வெளியே தொங்கவிட்டால் ஷீட் இருந்தும் பயனில்லை. பசை காய்ந்திருந்தால் பியூட்டைல் டேப் வாங்கிப் புதிதாக ஒட்டுங்கள். கிழிந்திருந்தால் கெட்டியான பாலித்தீன் ஷீட்டைப் பழையதை அச்சாக வைத்து வெட்டிக்கொள்ளலாம். செலோடேப் வேண்டாம், ஒரு கோடைக்குக்கூடத் தாங்காது.

பேடின் பின்னால் உடைந்த கிளிப்புகளை மாற்றுங்கள். இரும்பிலேயே தங்கிவிட்ட கிளிப்புகளைப் பிடுங்கிப் பேடில் மாட்டிக்கொள்ளுங்கள். பூட்டுக் கேபிள், ஒயர்கள் எல்லாம் மாட்டிய பிறகு, கதவு திறந்திருக்கும்போதே ஒரு சோதனை: கதவு விளிம்பில் இருக்கும் பூட்டின் நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளுங்கள், பிறகு உள் கைப்பிடியை இழுங்கள். நாக்கு விட்டால் சரி. விடவில்லை என்றால் கேபிள் சரியாக மாட்டவில்லை. இதைப் பார்க்காமல் கதவைச் சாத்தினால் உள்ளேயிருந்து திறக்க முடியாமல் போகும்.

பேடை முதலில் மேலே, கண்ணாடிப் பிளவில் கொக்கி போட்டுத் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு கிளிப்பும் அதன் துளைக்கு நேராக இருக்கிறதா என்று பார்த்த பிறகே உள்ளங்கையால் தட்டுங்கள். கடைசியாக ஸ்க்ரூக்கள், மூடிகள். பிளாஸ்டிக்கில் இறங்கும் ஸ்க்ரூவை அது நின்றதும் விட்டுவிடுங்கள், கூடுதலாக ஒரு திருகு திருகினால் மரை போய்விடும்.

பேட்டரியைக் கழற்றி மாட்டியதால் ஒரே தொடுதலில் ஏறும் வசதி மறந்துபோயிருக்கலாம். பல கார்களில் கண்ணாடியை முழுக்க ஏற்றி, சுவிட்சை மேலேயே சில நொடிகள் இழுத்துப் பிடித்தால் அது திரும்பக் கற்றுக்கொள்ளும். சரியான முறை உங்கள் காரின் கையேட்டில் இருக்கும்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு வாளித் தண்ணீரை மக்கால் மொண்டு, மூடிய கண்ணாடியின் மேல் மெதுவாக ஊற்றுங்கள். கதவின் அடித்துளைகளில் தண்ணீர் சொட்ட வேண்டும். சொட்டவில்லை என்றால் துளையை மண் அடைத்திருக்கிறது, மெல்லிய குச்சியால் குத்திவிடுங்கள். அப்புறம் கதவைத் திறந்து பேடின் அடிப்பக்கத்தையும் காலடி கார்பெட்டையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஈரம் பட்டால் ஷீட் எங்கோ ஒட்டவில்லை. பேடை இன்னொரு முறை கழற்ற வேண்டியதுதான். எந்த ஸ்க்ரூ எங்கே என்று இப்போது தெரியும் என்பதால் சீக்கிரமே முடிந்துவிடும்.